விளக்குக்கு ஒரு தொப்பி

(2026 காணும் பொங்கல் மாலை, எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்ட விழாவில் பேசியது. நண்பர்கள் கேட்டதால் எழுதிக் கொடுத்தேன். மேடையில் விட்டுப்போன இரண்டொன்றைச் சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, நூலகர் அம்மையார் அவர்களே, வந்துகொண்டே இருப்பதாகச் சொல்லப்படும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எனக்கும் கொஞ்சம் நேரம் விட்டுவைத்த தமிழாசிரியர் ஐயா அவர்களே, வழுக்குமரம் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, கரும்பைக் கடித்தபடி இவர் எப்போது முடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பொன்னாடைக்கும் நன்றி. பொன்னாடை வேண்டாம், அந்தப் பணத்தில் நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்குங்கள் என்று நூலகர் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். புத்தகத்தையும் வாங்கி, பொன்னாடையையும் போர்த்திவிட்டார்கள்.

இன்று மூன்று விஷயம் பேசப்போகிறேன். வானத்தில் கோள்களை எப்படி அடையாளம் காண்பது என்பது முதல் விஷயம். டெலஸ்கோப் வாங்குகிறவர்கள் எதை வாங்கலாம் என்பது அடுத்தது. மூன்றாவது, எரிகல் மழை.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் நட்சத்திரம் என்னவென்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, பந்தலில் தூக்காத கை இல்லை. சரி, அந்த நட்சத்திரத்தை வானத்தில் பார்த்தவர்கள்? இரண்டு கை. அதில் ஒருவர் தலையைச் சொறிகிறார் என்று நினைக்கிறேன்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? இதை நான் அடிக்கடி சொல்வேன். வீட்டில் என் பேத்தி, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே 'வெண்ணெய் வந்துடுச்சு' என்பாள். இருந்தாலும் சொல்வேன். கல்யாணப் பத்திரிகையில் போடுகிறோம், கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்கிறோம், ஆனால் தலைக்கு மேலே இருப்பதைப் பார்க்க மாட்டோம். இன்றைக்குக் கிழக்கே பாருங்கள், செக்கச்செவேலென்று ஒன்று தெரியும், அது திருவாதிரை. அதற்குச் சற்று மேலே ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. இன்னும் உச்சியை ஒட்டி ஒரு சின்னக் கொத்து, அது கார்த்திகை. கார்த்திகை தீபத்தன்று அகல் ஏற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், முழு நிலவு அந்தக் கொத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். மாதத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

கோளைக் கண்டுபிடிப்பது இதைவிடச் சுலபம். நட்சத்திரம் மினுக்கும், கோள் பெரும்பாலும் மினுக்காமல் நிதானமாக எரியும். நட்சத்திரம் வெகுதூரத்தில் வெறும் புள்ளி, காற்று கொஞ்சம் அசைந்தாலும் அந்தப் புள்ளி ஆடும். கோள் கண்ணுக்குப் புள்ளி மாதிரி தெரிந்தாலும் உண்மையில் ஒரு சின்ன வட்டு. ஒரு பக்கம் மங்கினால் இன்னொரு பக்கம் ஈடுகட்டிவிடும். அப்புறம், கோள் கண்ட இடத்தில் நிற்காது. சூரியனும் நிலவும் போகிற பாதையை ஒட்டித்தான் போகும். வடக்கே சப்தரிஷி மண்டலத்துக்குள் போய் வியாழனைத் தேடாதீர்கள். பெயர்களும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை, செவ்வாயிலிருந்து சனி வரை கிழமையிலேயே ஐந்தும் இருக்கின்றன.

இப்போது வெள்ளியும் செவ்வாயும் சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன, தேடினாலும் கிடைக்காது. வியாழனும் சனியும் இருக்கின்றன. வியாழன் ஜனவரி 10ஆம் தேதிதான் சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. சூரியன் மேற்கே மறைய, அது கிழக்கே எழும். கிட்டத்தட்ட 63 கோடி கிலோமீட்டர். இப்போது நீங்கள் பார்க்கிற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி 35 நிமிஷம் ஆகிறது, நான் பேச எழுந்ததற்கும் முன்னால். நம் காலண்டரில் இருக்கிற ராசிக் கட்டத்தில் குரு மிதுனம் என்று போட்டிருக்கும். வானத்திலும் புனர்பூசத்துக்குப் பக்கத்தில் அங்கேயேதான் இருக்கிறது. ஒரு ராசிக்கு ஏறக்குறைய ஒரு வருஷம். அதனால்தான் 2016இல் கும்பகோணத்தில் நடந்த மகாமகம் மறுபடி 2028இல் வருகிறது.

சனிக்கு மட்டும் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. திருக்கணிதம் போன மார்ச் 29ஆம் தேதியே மீனத்துக்கு அனுப்பிவிட்டது. வாக்கியப் பஞ்சாங்கம் வருகிற மார்ச் 6 வரை கும்பத்தில் உட்கார வைத்திருக்கிறது. நான் எந்தக் கட்சியும் இல்லை. மேற்கே பாருங்கள், அது பாட்டுக்கு இருக்கிறது.

சனி என்றதும் ஒரு கதை சொல்லாமல் போக மாட்டேன். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 ஜூலை, ஆனி அமாவாசை. அந்த மாதம் மாலை வானத்தில் மேற்கே வெள்ளி, தென்மேற்கே வியாழன், தெற்கே சனி, ராத்திரி ஏற ஏறக் கிழக்கே செவ்வாய் என்று வரிசையாக நின்றன. செங்கம் பக்கம் ஒரு நண்பருடைய மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லை, சுற்றிலும் நல்ல இருட்டு. பொழுது சாய்கிற நேரத்தில் முக்காலியை ஊன்றி, டெலஸ்கோப்பைப் பொருத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரத்தில் இருந்த பனைமரத்தைக் குறிபார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது எந்தச் சமயம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். சென்னை-சேலம் எட்டு வழிச் சாலைக்கு அந்தப் பக்கமெல்லாம் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்த சமயம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவன் முக்காலியோடு வந்து ஒற்றைக்கண்ணால் கொல்லையைப் பார்த்தால் என்ன ஆகும்?

பத்து நிமிஷத்தில் இருபது பேர் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி. 'யார்ரா நீ, யாரைக் கேட்டு அளக்கற?' நண்பர் சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். 'அளக்கலைங்க, நட்சத்திரம் பாக்கறேன்' என்றேன். 'நட்சத்திரம் மேலே இருக்குது, நீ ஏன் எங்க பனைமரத்தைப் பாக்கற?' நியாயமான கேள்வி. பதில் சொன்னாலும் எடுபடாது. நானே அங்கே நின்றிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சரி, காட்டிவிடலாம் என்று குழாயைத் தெற்கே திருப்பினேன். 'வாங்க, சனியைக் காட்டறேன்' என்றேன். அவ்வளவுதான், இருபது பேரும் இரண்டடி பின்னால் போய்விட்டார்கள். மண்வெட்டிக்காரர்தான் முதலில் போனார். 'இருக்கறது போதாதுன்னு இதை வேற காட்டறியா?' அப்போது பின்னாலிருந்து ஒரு ஆயா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். 'தள்ளுங்கடா. ஏழரை வருஷம் அவன் என்னைப் பாத்தான். நான் ஒரு தரம் அவனைப் பாக்கறேன்.'

(கைதட்டல். நான் இரண்டு நிமிஷம் தண்ணீர் குடித்தேன்.)

ஆயாவுக்குக் குனிய முடியவில்லை, ஒரு உரச்சாக்கைப் போட்டு முட்டி போட வைத்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அந்த வருஷம் வளையம் நன்றாக அகலமாக விரிந்திருந்தது. ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், 'தம்பி, சுத்தி வரப்பு போட்டு வச்சிருக்குதே, இது யாரு நெலம்?' என்றார். 'யாருதும் இல்லை ஆயா.' 'அப்ப அங்க எவனும் கல்லு நட மாட்டான்' என்று சொல்லிவிட்டு எழுந்தார். அன்று ராத்திரி பதினொன்றரை மணி வரை அந்த ஊரே வரிசையில் நின்றது. மண்வெட்டிக்காரர் இரண்டு தடவை பார்த்தார்.

இதோ, பேரூராட்சித் தலைவர் வந்துவிட்டார். வாருங்கள் ஐயா, வணக்கம். நாலு ஊர் விழாவுக்கும் போய்விட்டு, நம் விழாவையும் மறக்காமல் வந்திருக்கிறார். தலைவருக்கு வாசகர் வட்டம் சார்பில் பொன்னாடை அணிவிக்கப்படுகிறது. புகைப்படக்காரர் தம்பி, அந்தப் பக்கம் வாருங்கள். வார்டு உறுப்பினரையும் சேர்த்து எடுங்கள். நன்றி, நன்றி.

நல்லவேளையாக, தலைவர் கேட்க வேண்டிய இடத்துக்குச் சரியாக வந்திருக்கிறார்.

ஐயா, அந்த ஆயாவை நம் ஊருக்கு அழைத்து வந்து, நம் பள்ளி மைதானத்தில் சனியைக் காட்ட முடியுமா? முடியாது. மைதானத்து மூலையில் ஹைமாஸ் விளக்கு வைத்திருக்கிறோம். விளக்கு வேண்டாம் என்று நான் சொல்வேனா? முப்பத்தொரு வருஷம் கம்பம் ஏறி இந்த வட்டாரத்தில் தெருவிளக்கு எரிய வைத்தவன் நான். வேலை முடிந்து வரும் பெண்களுக்கு, டியூஷன் போகும் பிள்ளைகளுக்கு, பாம்புக்குப் பயந்து நடப்பவர்களுக்கு விளக்கு வேண்டும். ஆனால் அந்த விளக்கின் கீழே போய் நின்று பாருங்கள். ஆறு எல்.இ.டி. பெட்டியும் தரையைப் பார்க்காமல் அரைவாசி சாய்ந்து எதிர்த்தெரு மாடியைப் பார்க்கின்றன. வெளிச்சத்தில் நல்ல பங்கு வானத்துக்குப் போகிறது. கம்பத்தடி மட்டும் மங்கலாக இருக்கிறது. மின்கட்டணத்தைக் கட்டி வௌவாலுக்கு வெளிச்சம் போடுகிறோம்.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். கம்பத்தின் அடியில் சின்னக் கதவு இருக்கும். திறந்து வின்ச்சைச் சுற்றினால் விளக்கு வளையம் முழுக்கக் கீழே இறங்கும். பெட்டிக்கு இரண்டு போல்ட். தளர்த்தி, தரைக்குத் தட்டையாகத் திருப்பி, மறுபடி இறுக்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு தகரத் தொப்பி வைத்தால் இன்னும் நல்லது. ஒரு காலை வேலை. முறையாக அனுமதி கொடுத்து, மின்சாரத்தை நிறுத்தி, ஆளை அனுப்பினால், பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க நான் வருகிறேன்.

இதே ஜவ்வாது மலையில், நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1960களின் கடைசியில் வானியலாளர் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அங்கே இருந்த இருட்டும் ஒரு காரணம். 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனபோதுதான் அதற்கும் வளையம் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது. அமெரிக்கர்கள் விமானத்தில் டெலஸ்கோப்பை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். காவலூரில் நம்மவர்கள் தரையில் நின்றே பதிவு செய்தார்கள். 1988இல் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர். இதற்கெல்லாம் முன்னால், மதராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றை 1867இலேயே கண்டுபிடித்தார். கையில் வெண்ணெய் என்று நான் சொல்வது இதைத்தான். லடாக்கில் ஹான்லேயை 2022இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அதைப் பார்க்க நம் ஊர்ப் பையன்கள் மோட்டார் சைக்கிளில் லடாக் போகிறார்கள். போகட்டும், சந்தோஷம். நம் மலையடிவாரத்து இருட்டைக் காப்பாற்ற நாலு போல்ட் திருகக் கூடாதா?

தலைவர் தலையாட்டுகிறார். இருநூறு பேர் சாட்சி, நான் குறித்துக்கொண்டேன். வார்டு உறுப்பினர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த விளக்கை வாங்கிக் கொடுத்தவர் அவர், அதற்கு ஒரு தொப்பியும் அவரே வாங்கிக் கொடுக்கலாம். விளக்கைத் தரைக்குத் திருப்பக் கேட்கும் மனு, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேரோடு தெருப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

டெலஸ்கோப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன், மணி எட்டாகப் போகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பெட்டியில் '600 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் வாங்காதீர்கள். முதலில் 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) போதும், கை ஆடாமல் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தால் வியாழனின் நாலு நிலாவும் தெரியும். கலிலியோ 1610 ஜனவரியில் பார்த்த அதே நாலு. எரிகல் மழைக்கு இன்னொரு கூட்டம் போடச் சொல்லுங்கள், வருகிறேன்.

நாளை தை அமாவாசை, இன்றைக்கு நிலவுத் தொந்தரவு இல்லை. நூலகத்துக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் டெலஸ்கோப் வைத்திருக்கிறேன், அங்கே கட்டிடம் விளக்கை மறைக்கிறது. சனி ஒன்பதரை மணிக்கெல்லாம் அடிவானத்தை நெருங்கிவிடும், அதனால் முதலில் சனி, அப்புறம் வியாழன். இந்த வருஷம் வளையம் நம் பக்கம் விளிம்பைக் காட்டிக்கொண்டு ஊசி மாதிரி இருக்கும், ஏமாந்துபோகாதீர்கள். குழந்தைகள் முன்னால் வரட்டும், எட்டாதவர்களுக்கு ஸ்டூல் இருக்கிறது. கரும்புக் கையைக் கழுவிவிட்டு வாருங்கள், லென்ஸில் ஒட்டிக்கொள்ளும். மைக் செட் தம்பி, அந்த மேடை ஃபோகஸ் விளக்கை மட்டும் அணைத்துவிடப்பா.