குப்பைமேட்டு வாயுவை எரித்தால் அதுவும் மாசுதானே?

"2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்தபோது சுற்றுவட்டாரமே புகையில் திணறியது. நீங்களோ குப்பையிலிருந்து வரும் வாயுவைப் பிடித்து எரிக்கலாம் என்கிறீர்கள். இரண்டும் எரிப்பதுதானே?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் இப்படிக் கேட்பது நியாயம்தான்.

கிடங்கு தீப்பிடித்தால் பிளாஸ்டிக், ரப்பர், துணி எல்லாம் சேர்ந்து எரிகின்றன. அந்தப் புகை நஞ்சு. நான் சொன்னது, மேட்டின் வயிற்றுக்குள் உண்டாகும் மீத்தேனை மட்டும் குழாயில் இழுத்து எரிப்பதை. சாண எரிவாயுக் கலனுக்குள் நடப்பதேதான் அங்கும் நடக்கிறது. மிஞ்சிய சோறும் காய்கறித் தோலும் வாழையிலையும் காற்றுப் படாமல் புதைந்து அழுகுகின்றன. வெளிவரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். மழை பெய்த மறுநாள் மேட்டின் அடிவாரத்தில் தேங்கிய கருநீர் குமிழ் குமிழாகப் பொங்கும். நாற்றம் மீத்தேனுடையது அல்ல, அதற்கு வாசனையே கிடையாது. கூடவே வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்றவைதான் மூக்கைத் துளைக்கின்றன.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ மீத்தேன் அப்படியே காற்றில் கலந்தால், 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 கிலோவையும் தாண்டும். அதே ஒரு கிலோவை எரித்தால் வருவது 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு மட்டுமே. அதுவும் நெல்லும் வாழையும் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

பிடிப்பது எப்படி? மேட்டை மண்ணாலும் தடித்த விரிப்பாலும் மூடி, ஆழ்துளையிட்டு, ஓட்டை போட்ட குழாய்களை இறக்கிச் சுற்றிலும் ஜல்லி போடுவார்கள். பிறகு மின்விசிறி வைத்து வாயுவை உறிஞ்சுவார்கள். இதில் நிதானம் வேண்டும். அளவு மீறி இழுத்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, அடியிலேயே தீப்பிடித்துவிடும். நியூயார்க்கில் 1948 முதல் 2001 வரை குப்பை கொட்டிய ஃபிரெஷ் கில்ஸ் மேட்டில் இப்படி எடுத்த வாயுவைச் சுத்திகரித்து வீடுகளுக்கே அனுப்பினார்கள்.

நம் பழைய கிடங்குகளில் இது அவ்வளவு எளிதல்ல. அடியில் விரிப்பில்லை, மேலே மூடியில்லை; வாயு நாலாபக்கமும் கசிகிறது. அதனால்தான் ஈரக்குப்பையை அங்கே போகவே விடக்கூடாது என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தூரில் 2022-ல் திறந்த ஆலைக்கு நாளொன்றுக்கு 550 டன் வரை ஈரக்குப்பையைக் கையாளும் திறன் உண்டு. வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்குவதால்தான் அது ஓடுகிறது. அங்கே கலனுக்குள் உண்டாகும் மீத்தேனில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன.