கோடை லீவுக்கு ஒரு குளிர்ந்த மழைக்காடு: ஹோ காட்டில் மெதுவாக ஒரு நடை

[காட்சி: பாசி மூடிய மேப்பிள் மரங்கள், நடுவே மண்பாதை]

வணக்கம். மழைக்காடுன்னு சொன்னதும் நமக்குப் புழுக்கமும் அட்டைக்கடியும்தான் ஞாபகம் வரும். இன்னைக்குப் பார்க்கப்போற காட்டுல ரெண்டுமே கிடையாது. அமெரிக்காவோட வடமேற்கு மூலையில, வாஷிங்டன் மாநிலத்துல, ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கிற ஹோ மழைக்காடு. ஜூலை, ஆகஸ்ட்லகூடப் பகல் வெப்பம் பெரும்பாலும் 18-லிருந்து 24 டிகிரிக்குள்ளதான்.

வருஷத்துக்கு ஏறக்குறைய 3,500 மில்லிமீட்டர் மழை கொட்டுற இடம். கோடை லீவுல அங்க போய் நனையணுமான்னு கேட்பீங்க. பயப்பட வேண்டாம்.

[வரைபடம்: பசிபிக் கடல், ஒலிம்பிக் மலைகள், காற்றின் திசை]

குளிர்காலத்துல பசிபிக் கடலோட ஈரக்காத்து கிழக்கே வந்து ஒலிம்பிக் மலைகள்ல முட்டி, மேலே ஏறிக் குளிர்ந்து மழையாகுது. வருஷ மழையில பெரும்பகுதி அப்பவே பெஞ்சு முடிஞ்சிடும். கோடையில புயல்கள் வடக்கே ஒதுங்கிடும். அந்த மாசங்கள்ல காடு காஞ்சு போகாமப் பார்த்துக்கிறதுல கடல் மூடுபனிக்கும் பங்கு உண்டு.

இங்க ஓய்வெடுக்க வர்றவங்களுக்கு என் யோசனை ஒண்ணுதான்: தூரத்தைக் குறைங்க, நேரத்தைக் கூட்டுங்க. 'ஹால் ஆஃப் மாஸஸ்' பாதை மொத்தமே 1.3 கிலோமீட்டர். அரை மணி நேரத்துல சுத்திடலாம். தயவுசெஞ்சு அப்படிச் சுத்தாதீங்க. ரெண்டு மணி நேரம் கொடுங்க.

[காட்சி: மேப்பிள் கிளை, நெருக்கத்தில்]

இந்த மேப்பிளைப் பாருங்க. கிளையெல்லாம் பாசி. அது மரத்தை உறிஞ்சி வாழுறதில்ல. மழையிலயும் காத்துலயும் வர்ற சத்தைப் பிடிச்சு வச்சுக்குது. பழைய பாசி மக்கி, கிளை மேலயே மண்ணாகுது. நளினி நட்கர்னிங்கிற ஆராய்ச்சியாளர் மரத்து மேல ஏறி, அந்தப் பாசியை விலக்கிப் பார்த்தாங்க. மேப்பிள் தன் கிளையிலிருந்தே வேர் விட்டு, அந்த மண்ணுக்குள்ள அனுப்பியிருந்தது! 1981-ல இதை வெளியிட்டாங்க. எனக்கு இந்தக் காட்டுல ரொம்பப் பிடிச்ச சங்கதி இதுதான்.

[காட்சி: ஒரே வரிசையில் நிற்கும் மரங்கள்]

இந்தப் பெரிய மரங்கள் நூல் பிடிச்ச மாதிரி வரிசையா நிக்குது, யாரும் நட்டதில்ல. காட்டுத்தரை முழுக்கப் பெரணியும் பாசியும் அடைச்சுக் கிடக்கிறதால விதைக்கு அங்க இடமில்ல. விழுந்த மரத்து மேல விழுற ஸ்ப்ரூஸ், ஹெம்லாக்ங்கிற ஊசியிலை மரங்களோட விதைதான் பிழைக்குது. கட்டை நூற்றாண்டுக் கணக்குல மக்கி மறைஞ்சதும், வளர்ந்த மரங்களோட வேருக்கு அடியில வெறும் சந்து மிஞ்சுது. குனிஞ்சு பாருங்க, அந்தப் பக்கம் தெரியும்.

இன்னும் நடக்கணும்னா ஹோ ஆத்துப் பாதை இருக்கு. முதல் எட்டு கிலோமீட்டர்ல பெரிய ஏத்தம் இல்ல. விருப்பப்பட்ட இடத்துல திரும்பிக்கலாம். இந்த வழியில சுமார் அஞ்சு கிலோமீட்டர் உள்ளே, 2005 புவி நாள்ல, இயற்கை ஒலிகளைப் பதிவு செய்யுற கார்டன் ஹெம்ப்டன் ஒரு பாசிக்கட்டை மேல சின்னச் சிவப்புக் கல் வச்சார். அந்த ஒரு சதுர அங்குலத்துல மனுஷன் எழுப்புற சத்தம் கேட்காமப் பார்த்துக்கிட்டா, சுத்தி வெகுதூரத்துக்கு அமைதி கிடைக்கும்னு அவர் நம்பினார். கடற்படை விமானச் சத்தம் இப்போ இந்தக் காட்டுக்குள்ளயும் கேட்குது. அதை நினைச்சா வேதனையா இருக்கு. நாமளாவது ஸ்பீக்கரைக் கார்லயே விட்டுட்டுப் போகலாம்.

[காட்சி: ஆற்றோரம் மேயும் எல்க் கூட்டம்]

இது ரூஸ்வெல்ட் எல்க், பெரிய மான். இதைக் காப்பாத்தணும்னுதான் 1909-ல இந்தப் பகுதிக்கு முதல்ல பாதுகாப்பு வந்தது. 1938-ல தேசியப் பூங்காவாச்சு. குறைஞ்சது 45 மீட்டர் தள்ளியே நில்லுங்க. குட்டி கூட இருந்தா இன்னும் தள்ளி.

கோடையில வாசல்ல கார் வரிசை நீளும், அதனால காலையில சீக்கிரம் போயிடுங்க. உள்ளே சாப்பாட்டுக் கடை இல்ல; கட்டுச்சோறு எடுத்துக்கோங்க. மழைக்கோட்டு ஆகஸ்ட்லயும் பைக்குள்ள இருக்கட்டும்.