விலையை எப்போது சொல்ல முடியும்? ஆன்லைனில் உங்கள் சேவைக்குச் சரியான லிஸ்டிங் வகை

[திரை: ஒரு சேவைத் தளத்தின் பதிவுப் படிவம். "லிஸ்டிங் வகை" என்ற கட்டம் திறந்த நிலையில்.]

வணக்கம்ங்க. உங்கள் தொழிலை ஆன்லைனில் ஏற்ற உட்கார்ந்தால் பெயர், போன் நம்பர், போட்டோ வரைக்கும் விறுவிறு என்று போய்விடும். அப்புறம் இந்தக் கட்டம் வரும். நிலையான விலை, மணிக்கணக்கு அல்லது யூனிட் கணக்கு, மதிப்பீடு கேட்டு வாங்குவது, வந்து பார்க்கும் கட்டணம். தளத்துக்குத் தளம் பெயர் மாறும், உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான். நிறையப் பேர் முதலில் இருப்பதை அமுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். இல்லையென்றால் "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று போட்டுவிட்டு, போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

உண்மையில் இந்த ஒரு கட்டம்தான் வாடிக்கையாளர் கண்ணில் எந்தப் பட்டன் படும் என்பதை முடிவு செய்கிறது. "ஆர்டர் செய்" வருமா, "விசாரி" வருமா? ஆர்டர் பட்டனை அமுக்கியவர் விலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். அதன்பிறகு நீங்கள் "பார்த்தாத்தானுங்க சொல்ல முடியும்" என்றால் அது தகராறில்தான் முடியும்.

அதனால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: வேலையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே உங்களால் விலை சொல்ல முடியுமா?

[திரை: கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின். பக்கத்தில் மானிட்டரில் ஒரு லோகோ.]

முடியும் என்கிறவர்களிடமிருந்து ஆரம்பிப்போம். திருப்பூரில் எம்பிராய்டரி பஞ்சிங் செய்பவர்கள் உண்டு. கம்பெனி லோகோவை மெஷின் புரிந்துகொள்ளும் தையல் ஃபைலாக மாற்றித் தரும் வேலை. கடைசியில் போவது டிஎஸ்டி என்கிற வடிவத்தில் ஒரு தையல் ஃபைல், ஈமெயிலில் போய்விடும். வாங்குபவர் பல்லடம் ரோட்டில் இருந்தாலும் அமெரிக்காவில் இருந்தாலும் வேலை ஒன்றுதான். உலகம் முழுக்க ஆன்லைனில் சேவைகளை விற்கும் ஃபைவர் மாதிரி தளங்களுக்கு அச்சு அசலாகப் பொருந்துகிற தொழில் இது.

ஃபைவர் 2010-ல் தொடங்கியது. அங்கே சேவையை மூன்று பேக்கேஜாக அடுக்கலாம்: பேசிக், ஸ்டாண்டர்ட், பிரீமியம். இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். பேசிக் என்றால் "சாதாரணத் தரம்", பிரீமியம் என்றால் "நல்ல தரம்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் பேசிக் வாங்குபவருக்கு மட்டமான வேலையா தருவீர்கள்? பேக்கேஜைப் பிரிக்க வேண்டியது வேலையின் அளவை வைத்து.

[திரை: மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு உடை. இடது மார்பு லோகோ, தொப்பி, ஜாக்கெட் முதுகு.]

பஞ்சிங்கில் அந்த அளவு தையல் எண்ணிக்கை. சட்டையின் இடது மார்பில் வருகிற லோகோ நாலு இஞ்ச்சுக்குள் அடங்கும், தையலும் சில ஆயிரங்கள்தான். ஜாக்கெட் முதுகு முழுக்க வருகிற டிசைன் பல பத்தாயிரம் தையல் இழுத்துவிடும். தொப்பி தனிச் சங்கதி. வளைந்த பரப்பில் துணி நகரும் என்பதால் நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாகத் தைக்கும்படி ஃபைலை அமைக்க வேண்டும். இடது மார்பு, தொப்பி, முதுகு. மூன்று பேக்கேஜும் தானாக அமைந்துவிட்டன பாருங்கள்.

அதோடு வேலையில் எது சேரும், எது சேராது என்பதையும் எழுதிவிடுங்கள். எத்தனை முறை திருத்தம், எந்த ஃபைல் வடிவம், எத்தனை நாள். எந்தத் துணியில் தைக்கப் போகிறார் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே கட்டாயக் கேள்வியாகக் கேளுங்கள். போலோ டி-ஷர்ட்டுக்கு வரும் பிக்கே துணிக்குப் போட்ட ஃபைலை அப்படியே டெரி டவலில் ஓட்டினால் தையல் பஞ்சுக்குள் மூழ்கிவிடும். அதற்குக் கீழ்த்தையல் வேறு மாதிரி போட வேண்டும். இதை முன்னாலேயே கேட்காமல் நிலையான விலை போட்டால், இலவசத் திருத்தத்திலேயே லாபம் கரைந்துவிடும்.

விலை போடும்போது கமிஷனையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஃபைவர் விற்பனையாளரிடம் 20 சதவீதம் பிடிக்கிறது. கைக்கு 800 ரூபாய் வர வேண்டும் என்றால் 800-ஓடு 20 சதவீதத்தைக் கூட்டி 960 போடக் கூடாது. 960-ல் 20 சதவீதம் போனால் மிச்சம் 768-தான். 800-ஐ 0.8-ஆல் வகுங்கள், 1,000 வரும். போட வேண்டிய விலை அதுதான்.

[திரை: ரீவைண்டிங் பட்டறை. கழற்றிய மோட்டார், எரிந்த காயில்.]

இப்போது எதிர்முனைக்குப் போவோம். கோயம்புத்தூர் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊர், எரிந்த காயிலைக் கழற்றிப் புதுக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. தோட்டத்திலிருந்து ஒரு போன் வருகிறது.

"ஏனுங்க, மோட்டார் ஓட மாட்டேங்குதுங்க. எவ்வளவுங்க ஆகும்?"

என்ன பதில் சொல்வீர்கள்? மூன்று ஃபேஸில் ஒன்று போய், மீதி இரண்டில் ஓடிக் காயில் எரிந்திருக்கலாம். பேரிங் போயிருக்கலாம். கேபிள் அறுந்திருக்கலாம். மோட்டாரில் ஒன்றுமே இல்லாமல் ஸ்டார்ட்டரில் கோளாறு இருக்கலாம். ரீவைண்டிங்தான் என்று தெரிந்துவிட்டால் குதிரைத்திறன் கணக்கில் ஒரு தொகை சொல்லலாம், அதுவும் செம்புக் கம்பி விலையைப் பார்த்துத்தான். ஆனால் அது ரீவைண்டிங்தானா என்பது மோட்டாரைப் பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

இதற்கு நிலையான விலை போட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். குறைவாகப் போட்டு நேரில் போய் ஏற்றினால் "ஆன்லைனில் ஒன்று, நேரில் ஒன்று" என்று ஒற்றை நட்சத்திரம் விழும். எல்லாவற்றுக்கும் சேர்த்து அதிகமாகப் போட்டால் போனே வராது. "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று விட்டால், விலை மட்டும் கேட்கிற போன் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும்.

இந்தத் தொழிலுக்கு வந்து பார்க்கும் கட்டண வகைதான் சரி. சோதனைக்கு இவ்வளவு, இத்தனை கிலோமீட்டர் வரை. வேலையை எங்களிடமே கொடுத்தால் அந்தத் தொகை பில்லில் கழிக்கப்படும். நிச்சயமாகச் சொல்ல முடிவது அந்த ஒரு தொகைதான், அதை மட்டும் விலையாகப் போடுங்கள். ஆழ்குழாயிலிருந்து மோட்டாரை ஏற்றி இறக்கும் கூலி தனி என்றால் அதையும் அதே இடத்தில் எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் அந்தக் கூலியில்தான் ஆரம்பிக்கும்.

[திரை: ரிக் வண்டி. பக்கத்தில் அடிக்கணக்கு எழுதிய பலகை.]

நடுவில் ஒரு வகை இருக்கிறது. மொத்த விலை தெரியாது, ஆனால் ஒரு யூனிட்டுக்கு என்ன விலை என்பது தெரியும். போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களைக் கேளுங்கள். போர் எத்தனை அடி போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, நம் பக்கத்துப் பாறை அப்படி. ஆனால் அடிக்கு எவ்வளவு என்பது தெரியும்.

"அடிக்கு 100 ரூபாய் முதல்" என்று மட்டும் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. ஆழம் போகப் போக அடி ரேட்டும் ஏறும் அல்லவா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரண எண்கள்தான், இன்றைய ரேட் இல்லை.

[திரை: கணக்கு ஒவ்வொரு வரியாகத் தோன்றும்.]

முதல் 300 அடிக்கு, அடிக்கு 100 ரூபாய். அடுத்த 100 அடிக்கு 110. அதற்கடுத்த 100 அடிக்கு 120. 500 அடி போனால் 30,000, அதோடு 11,000, அதோடு 12,000. மொத்தம் 53,000. ஆனால் உங்கள் லிஸ்டிங்கைப் பார்த்தவர் மனதில் ஓடிய கணக்கு 500 பெருக்கல் 100, அதாவது 50,000. அந்த 3,000 ரூபாய் வித்தியாசத்தை வண்டி போட்டு முடித்தபிறகு விளக்கினால் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். அதனால் படி ரேட் முழுவதையும் ஏற்றுங்கள். மண் சரியாமல் இருக்கப் போரின் மேல்பகுதியில் இறக்கும் கேசிங் பைப் தனியா, சேர்த்தா என்றும் சொல்லுங்கள். தண்ணீர் வராவிட்டாலும் அடிக்கணக்குக்குப் பணம் உண்டு என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் காய்ந்த போர் முன்னால் நின்று பேசுவதை விட அது எவ்வளவோ மேல்.

விஎம்சி, அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டி வடிவமைக்கும் மெஷின் வைத்து ஜாப் எடுப்பவர்களும் இதே வகைதான், அவர்களுக்கு மணிக்கணக்கு. வேலை தொடங்கும் முன் மெஷினைத் தயார் செய்யும் செட்டிங் நேரத்துக்குக் காசு உண்டா என்பதை மட்டும் மறக்காமல் எழுதினால் போதும்.

[திரை: பவர் டேபிள் யூனிட். வரிசையாக ஓவர்லாக், ஃப்ளாட்லாக் மெஷின்கள்.]

அடுத்தது திருப்பூர் பவர் டேபிள், அதாவது கம்பெனிகளுக்குப் பனியன், டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் யூனிட். பீஸ் ரேட்தானே, யூனிட் விலை போட்டுவிடலாமே என்று தோன்றும். என் கருத்தில் அது வேண்டாம். ஒரு ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டும், காலர், பட்டன் பட்டி, இரண்டு பாக்கெட் வைத்த டி-ஷர்ட்டும் ஒரே ரேட்டில் தைக்க முடியாது. சாம்பிள் பார்க்க வேண்டும், எத்தனை பீஸ் என்று தெரிய வேண்டும், நூல் யார் தருவது, செக்கிங்கும் அயர்னிங்கும் யார் பக்கம் என்று பேச வேண்டும். இது மதிப்பீடு கேட்டு வாங்கும் வகை.

மதிப்பீட்டு லிஸ்டிங் என்றால் விவரமே இல்லாத லிஸ்டிங் என்று அர்த்தம் இல்லை. விலை இருக்கும் இடத்தில் உங்கள் திறனை வையுங்கள்: எந்த மெஷின் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் இறங்கும், குறைந்தபட்சம் எத்தனை பீஸ் ஆர்டர் எடுப்பீர்கள். குறைந்தபட்ச அளவு எழுதாவிட்டால் காலேஜ் நண்பர்கள் இருபது பேர் டூர் டி-ஷர்ட்டுக்காக வரிசையாகக் கூப்பிடுவார்கள். பாவம், அவர்கள் மேல் தவறில்லை.

1996-லிருந்து இயங்குகிற இந்தியாமார்ட் போன்ற மொத்த வணிகத் தளங்கள் இந்த வகைக்குத் தோதானவை. வாங்குபவர் தன் தேவையைப் பதிவிடுவார், விற்பவர்கள் அந்த விசாரணையைப் பெற்றுப் பேசுவார்கள். அங்கே வருகிற போனில் விலைக்கு அடுத்து வரும் பேச்சு பணம் எத்தனை நாளில் என்பதுதான். குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசின் சிறுதொழில் பதிவு, வைத்திருக்கிறீர்களா? 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, ஒப்பந்தமே இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. உத்யம் பதிவு உண்டு என்பதை லிஸ்டிங்கில் ஒரு வரியாகச் சேர்த்தால், அந்தப் பேச்சை நீங்கள் ஆரம்பிக்கத் தேவையில்லை.

[திரை: வரைபடம். கோயம்புத்தூரைச் சுற்றி நிறமிட்ட ஊர்கள்.]

விலை வகை முடிந்தது. இன்னொரு கேள்வி: வேலை நடக்கும் இடம் எது? கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் இதைத் தவறவிடுபவர்கள் அதிகம். வாடிக்கையாளர் உங்கள் கடைக்கு வருவாரா, நீங்கள் அவரிடம் போவீர்களா, இரண்டுமா? வீட்டில் இருந்துகொண்டு ஏசி சர்வீஸுக்குப் போகிறவர் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் ஊர்களை மட்டும் காட்டலாம். 20 இடங்கள் வரை சேர்க்கலாம், உங்கள் தொழில் இருக்கும் இடத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேர வண்டிப் பயணத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்களின் வழிகாட்டுதல். 20 இடம் கிடைக்கிறதே என்று சத்தியமங்கலம் முதல் பழனி வரை நிரப்பாதீர்கள். பொள்ளாச்சியிலிருந்து அவசரம் என்று கூப்பிட்டவரிடம் நாளைக்குத்தான் வர முடியும் என்று சொன்னால், அந்த ஊரைச் சேர்த்ததால் என்ன பயன்?

ஒரே கடையில் இரண்டு மூன்று வேலை செய்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே லிஸ்டிங்கில் திணிக்க வேண்டாம். சேவைத் தளங்களில் வேலைக்கு ஒரு லிஸ்டிங், அதற்கேற்ற வகை. ரீவைண்டிங் கடைக்காரரே புது ஸ்டார்ட்டர் மாட்டித் தருகிறார் என்றால் அது நிலையான விலை, ரிப்பேர் வந்து பார்க்கும் கட்டணம். ஆனால் கூகுளில் அப்படிச் செய்யக் கூடாது. அங்கே ஒரு தொழிலுக்கு ஒரு ப்ரொஃபைல்தான், அதற்குள் முதன்மை வகை ஒன்றும் கூடுதல் வகைகளும் சேர்த்துக்கொள்ளலாம்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. சேவை மட்டும் செய்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். தளத்தின் வழியாகப் பணம் வந்தால், தளமே வருமான வரியில் ஒரு சிறு தொகையைப் பிடித்துத்தான் தரும். 2024 அக்டோபரிலிருந்து அது 0.1 சதவீதம். தனிநபராக இருந்து, அந்தத் தளத்தில் ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் விற்று, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் அந்தப் பிடித்தமும் இல்லை. மிச்சத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

[திரை: லிஸ்டிங்கின் மெசேஜ் பெட்டி. ஒரே மாதிரியான கேள்விகள் வரிசையாக.]

லிஸ்டிங் போட்டாகிவிட்டது. வகை சரியா என்பதை மெசேஜ் பெட்டி காட்டிக் கொடுத்துவிடும். மதிப்பீட்டு வகை போட்டிருக்கிறீர்கள், வருகிற பத்துப் பேருக்கும் ஒரே விலையைத்தான் டைப் செய்து அனுப்புகிறீர்கள் என்றால், அதை நிலையான விலையாக மாற்றிவிடுங்கள். நிலையான விலை போட்டிருக்கிறீர்கள், ஆர்டருக்கு ஆர்டர் "இதுக்குக் கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகுங்க" என்று சொல்ல வேண்டி வருகிறது என்றால், அந்த எக்ஸ்ட்ரா எது என்று பார்த்து அதைத் தனி விலையாகச் சேருங்கள். அப்படியும் அடங்கவில்லையென்றால் மதிப்பீட்டுக்கு மாறுங்கள். மாற்றும்போது, முடிந்தவரை பழைய லிஸ்டிங்கையே திருத்துங்கள். பல தளங்களில் ரிவ்யூ அந்த லிஸ்டிங்கோடுதான் ஒட்டியிருக்கும். அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால், சேர்த்த நட்சத்திரங்களும் அதோடு போய்விடும்.