எங்கள் அம்மாவும் செனகாவின் மாமனும்

நடுவர் அவர்களுக்கும், மயிலாப்பூரின் இந்த மாலைப் புழுக்கத்திலும் இருக்கை விட்டு எழாத அவையோர்க்கும் வணக்கம்.

தன் மரபைப் படிப்பவனே தன்னை அறிவான், பிற பண்பாட்டைப் படிக்கப் போனவன் அங்கேயே கரைந்துவிடுவான் என்றார் எதிரணித் தலைவர். சென்னை அடுக்ககங்களில் சித்தப்பா, பெரியப்பா, மாமா மூவரும் ‘அங்கிள்’ ஆகிவிட்டதைச் சான்றாகவும் காட்டினார். ஐயா, அந்த ‘அங்கிள்’ பிறரைப் படித்ததால் வந்ததன்று; படிக்காமலே எடுத்துப் போர்த்திக்கொண்டதால் வந்தது. பிற பண்பாட்டைப் படிப்பவருக்கே தம் மரபு தெளிவாகத் தெரியும் என்பது எங்கள் அணியின் கட்சி.

எங்கள் அடுக்ககத்தில் குடியிருக்கும் கொரிய அம்மையார் ஒருவருக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் அவருடைய குறிப்பேட்டில் ‘எங்கள் அம்மா திருவாரூரில் இருக்கிறார்’ என்று எழுதினேன். உங்களுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவரும் இல்லை, நான் ஒரே பிள்ளை என்றதும் சிரித்துவிட்டார். அவர்கள் நாட்டிலும் தனியாக வாழ்பவர்கூடத் தம் வீட்டை ‘உரி ஜிப்’, அதாவது எங்கள் வீடு என்றுதான் சொல்வாராம். அப்படியானால் ‘நம் அம்மா’ என்றும் எழுதலாமா என்று அடுத்துக் கேட்டார். கூடாது என்று வாய் முந்திக்கொண்டது. காரணம் சொல்லத்தான் நேரமாயிற்று. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, அவரை வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’ என்ற இரண்டுக்கும் அவர்களுடைய ‘உரி’ ஒன்றே போதும். பிறரையும் தன்னோடு சேர்த்துச் சொல்லும் இந்த உளப்பாட்டுத் தன்மைப் பன்மை நம் இலக்கணத்திலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவள்தான். ஆனால் என் பேச்சிலேயே அது ஒவ்வொரு நாளும் ஓடுவதைக் காட்டியவர் அந்த அம்மையார்.

இனி அந்த ‘அங்கிள்’ செய்திக்கே வருகிறேன். அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் உலக மக்களின் உறவுமுறைச் சொற்களைத் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். நியூயார்க் பகுதியின் செனகா பழங்குடியினர் தந்தையின் சகோதரனையும் தந்தை என்றே அழைத்து, தாயின் சகோதரனுக்கு மட்டும் வேறு சொல் வைத்திருந்ததைக் கண்ட அவர், தமிழரிடமும் அதே பாகுபாட்டைக் கண்டு, இரு மக்களும் ஒரே வழி வந்தவர்கள் என்பதற்கு இது சான்று என்றே முடிவுகட்டினார். அந்தச் சான்று நிற்கவில்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிற்கால மானிடவியலாருக்கு, ஒற்றுமையைவிட வேற்றுமையே கூடுதலாகக் கற்பித்தது: செனகா முறையில் மாமன் மகளை மணக்கும் வழக்கம் இல்லை, நம்மிடம் உண்டு. அதனால்தான் தாயின் தம்பியும் மாமா, பெண் கொடுத்தவரும் மாமா. தந்தையின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. நம் உறவுச் சொற்களுக்குள் ஒரு கல்யாண ஏற்பாடே அடங்கியிருக்கிறது.

‘அங்கிள்’ வந்ததில் எது போயிற்று என்று எதிரணித் தலைவர் வருந்துகிறாரோ, அதை அளந்து சொல்ல அவருக்கே செனகாவின் மாமன் தேவைப்படுகிறார்.