துண்டுச் சீட்டு, கண்ணாடிக் குழாய், முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல்

நேயர்களுக்கு வணக்கம்.

எம்.எஸ். அறுவை சிகிச்சைப் பட்டமேற்படிப்பு மூன்று வருஷம். வார்டு, ஓ.பி., தியேட்டர் என்று ஓடுகிற அந்த டாக்டர்களை வாரத்தில் சில மணி நேரம் வகுப்பில் உட்கார வைக்கிறோம். இரவு டியூட்டி முடித்து வந்தவர் முன்னால், விளக்கை அணைத்துவிட்டு எண்பது ஸ்லைடு ஓட்டினால் அவர் தூங்கத்தான் செய்வார். அக்கறை இல்லை என்று திட்டிப் பயனில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் முடிவெடுக்க வேண்டியது ஒன்றுமே இல்லை. ஒரு முடிவை அவர் பொறுப்பில் விட்டுப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்.

நம் பக்கத்துக் கேஸ் ஒன்றை வைத்தே சொல்கிறேன். பாம்புக்கடி. விரியன் விஷம் ஏறினால் ரத்தம் உறையாமல் போகலாம்; அதைக் கண்ணாடிக் குழாயில் பார்ப்பதுதான் சோதனை. மேசையில் மூன்று குழாய்கள் வையுங்கள்: புதுக் கண்ணாடிக் குழாய் ஒன்று, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாய் ஒன்று, பிளாஸ்டிக் குழாய் ஒன்று. சம்மதிக்கிற ஒருவரிடம் ரத்தம் எடுத்து, ஒவ்வொன்றிலும் 2 மில்லி விட்டு, அசையாமல் நிறுத்திவையுங்கள். கடிகாரம் 20 நிமிடத்தை எண்ணட்டும்.

இப்போது முதல் தாளைக் கொடுங்கள். களக்காடு பக்கம் வாழைத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். சாயங்காலம் ஆறு மணிக்குக் கையில் கடி. இரவு ஒன்பதுக்கு வந்து சேருகிறார். முழங்கை வரை வீக்கம். விரலை நீட்டிவிட்டால் அலறுகிறார். வீங்கிய தசையை நெரிக்கும் உறையைக் கீறித் திறக்கும் ஃபேசியாட்டமியை இப்போதே செய்யலாமா, வேண்டாமா? பெயர் எழுதாமல், துண்டுச் சீட்டில் ஒரே வார்த்தையில் பதில். இரண்டு நிமிஷம். பெயர் வேண்டாம் என்பது முக்கியம். சீஃப் முன்னால் தப்பாகிவிடுமோ என்ற பயத்தில்தான் முதல் வருஷக்காரர் வாயைத் திறப்பதில்லை. சீட்டுகளை எண்ணிப் பலகையில் எழுதிவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிஷம் வாதாடச் சொல்லுங்கள். செல்போனில் ஓட்டுப் போடும் வசதியெல்லாம் உண்டுதான்; நெட் இழுக்காத அறையில் அது வெறும் தொல்லை.

இருபது நிமிஷம் ஆனதும் குழாய்களைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். புதுக் கண்ணாடியில் ரத்தம் உறைந்து நிற்கும். மற்ற இரண்டிலும் நல்ல ரத்தமே உறையாமல் வழியலாம். உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு. சோப்புப் படிவு அதைக் கெடுத்துவிடும், பிளாஸ்டிக்குக்கு அந்தக் குணம் குறைவு. குழாய் தப்பென்றால், விஷம் ஏறாதவருக்கும் விஷமுறிவு மருந்து ஏறிவிடும்.

இரண்டாம் தாள்: இந்த நோயாளிக்குச் சரியான குழாயிலேயே ரத்தம் உறையவில்லை. கீறலாம் என்று எழுதியவர்கள் இந்த இடத்தில் தாங்களே பதில் தேட வேண்டும். இப்போது கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. முதலில் விஷமுறிவு மருந்து, ஆறு மணி நேரம் கழித்து மறுபரிசோதனை.

மூன்றாம் தாள்: ரத்தம் உறைகிறது, வீக்கம் வடியவில்லை. விரியன் விஷம் தசையையே தாக்குவதால், நீட்டினால் வலிப்பதை மட்டும் வைத்து உறைக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்று நம்ப முடியாது. உறைக்குள் அழுத்தம் 22 மி.மீ. பாதரசம்; டயஸ்டாலிக், அதாவது ரத்த அழுத்தத்தின் கீழ் எண், 70. இடைவெளி 48. இது 30-க்குக் கீழே இறங்கினால்தான் கீறுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆக, பொறுத்திருந்து திரும்ப அளப்பது.

இங்கேதான் ஸ்கேல். மயக்கவியல் துறையில் அழுத்தத்தை அளந்து திரைக்கு அனுப்பும் பிரஷர் டிரான்ஸ்டியூசர் ஒன்றை வாங்கி வந்து, சலைன் நிரப்பிய குழாயின் நுனியும் அதுவும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது சைபர் வையுங்கள். பிறகு டிரான்ஸ்டியூசரை மட்டும் 27 சென்டிமீட்டர் கீழே இறக்கச் சொல்லுங்கள். திரையில் 20 வந்துவிடும். ஏறக்குறைய 13.6 சென்டிமீட்டர் நீர் என்பது 10 மி.மீ. பாதரசம். கட்டிலுக்குக் கீழே தொங்கிய கருவி 22-ஐ 42 ஆக்கியிருந்தால், இடைவெளி 28 ஆகி, தேவையில்லாமல் ஒரு கை கீறப்பட்டிருக்கும். இதை ஸ்லைடில் எழுதிக் காட்டினால் யாருக்கும் நினைவிருக்காது.

இந்த மாதிரி வகுப்பைக் கெடுப்பது பெரும்பாலும் ஆசிரியர்தான். கேள்வி கேட்ட மூன்றாவது விநாடியே தானே பதில் சொல்லிவிடுவார். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள்; அந்த மௌனம் உங்களுக்குத்தான் கஷ்டம், அவர்களுக்கு அது யோசிக்கிற நேரம். பேச்சை எப்போதும் முதலாண்டிலிருந்து தொடங்குங்கள். மூன்றாம் ஆண்டுக்காரர் முந்திக்கொண்டால் மற்றவர்கள் அவர் சொன்னதற்கே தலையாட்டுவார்கள். ஒரு வகுப்புக்கு ஒரு முடிவு போதும். டியூட்டி போன்களை முறைவைத்து ஒருவர் வாசலில் வைத்திருக்கட்டும்.

முடிச்சு, தையல் போன்ற கைவேலைக்கு வேறு வழி: முதலில் பேசாமல் செய்து காட்டுவது, அடுத்து விளக்கிச் செய்வது, பிறகு அவர் சொல்லச் சொல்ல நாம் செய்வது, கடைசியாக அவரே சொல்லிச் செய்வது. மூன்றாம் படியைத்தான் நேரமில்லை என்று எல்லாரும் விழுங்கிவிடுகிறார்கள். அவர் எங்கே புரியாமல் நிற்கிறார் என்பது தெரிவதே அந்தப் படியில்தான்.

மாவட்ட மருத்துவமனைப் பணிக்கென மூன்று மாதம் தென்காசி போன்ற ஊர்களுக்குப் போகிறவர்களை மறந்துவிட வேண்டாம். முதல் தாளை வகுப்புக்கு முந்தின நாளே அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் பதிலும் மற்றச் சீட்டுகளோடு எண்ணப்படட்டும். அங்கே அவர்கள் பார்க்கிற கடிகளில் ஒன்று, பெயரும் அடையாளமும் நீக்கி, அடுத்த மாதத்து முதல் தாளாக வரலாம்.

வணக்கம்.