பூசணிக்காயும் புட்டிங்கும்: கிறிஸ்துமஸ் மர்ம நாவல்கள் பற்றி ஓர் உரை

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, கூட்டத்துக்கு இடமளித்த நூலகர் அம்மையார் அவர்களே, பல பணிகளுக்கிடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன் பேசிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பில் பாடநூலுக்குள் துப்பறியும் கதையை மறைத்து வைத்துப் படித்த என்னைக் கையோடு பிடித்தும் அடிக்காமல், "முடித்துவிட்டு எனக்கும் கொடு" என்று சொன்னவர் ஐயா அவர்கள் என்பதை நன்றியுடன் நினைவுகூரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் மர்ம நாவல்களைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்: பண்டிகை ஏன் குற்றத்துக்குக் களமாகிறது, அங்கே காதலுக்கு என்ன வேலை, அந்த நூல்கள் எப்படிப் பிழைத்தன.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று நாம் பொய்யனைப் பழிப்போம். நல்ல மர்மக்கதை எழுதுபவருக்கோ அதுவே தொழில். வாசகரின் இலையிலேயே பூசணிக்காயை வைத்து, அவர் அதைப் பார்க்காமலே உண்டு எழும்படி செய்ய வேண்டும். அதற்குப் பண்டிகை விருந்தைவிட வாய்ப்பான இடம் ஏது? 1892 ஜனவரியில் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதையொன்றில் நீலக்கல் கிடைப்பது கிறிஸ்துமஸ் வாத்தின் தொண்டைப் பைக்குள்தான். 1938இல் அகதா கிறிஸ்டி எழுதிய கிறிஸ்துமஸ் நாவலில், பண்டிகையன்று மனிதர்கள் நல்லவர்களாகிவிடுவார்கள் என்கிறார் காவல்துறை அதிகாரி. துப்பறிவாளர் பொய்ரோ அதை மறுக்கிறார். ஆண்டு முழுவதும் விலகியிருந்த உறவினர்கள் ஒரே கூரையின்கீழ் கூடி, இல்லாத அன்பைக் காட்ட வேண்டிய கட்டாயமும், அளவு மீறிய சாப்பாட்டால் வரும் அஜீரணமும் சேர்ந்தால் உள்ளே அடக்கிய கோபம் வெடிக்கும் என்பது அவர் கணக்கு.

சாப்பாடு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1960இல் வெளிவந்த தம் கிறிஸ்துமஸ் கதைத் தொகுப்பின் முன்னுரையில், அக்காள் மணம் புகுந்த குடும்பத்தின் அப்னி ஹால் மாளிகையில் சிறுமியாகத் தாம் கழித்த பண்டிகைகளை கிறிஸ்டி நினைவுகூர்கிறார். பார்வைக்கு ஒல்லிக்குச்சி, பசியோ தீராப் பசி. யார் அதிகம் உண்பது என்று அந்த வீட்டுப் பையன்களோடு போட்டி. சிப்பி சூப்பும் மீனும் சாதாரணமாக உள்ளே போயின. பிறகு வறுத்த வான்கோழி, வேகவைத்த வான்கோழி, பெரிய மாட்டிறைச்சித் துண்டம், மூன்றிலும் இரண்டிரண்டு முறை! அதன்மேல் ப்ளம் புட்டிங், இனிப்பு வகைகள், பிற்பகல் முழுவதும் சாக்லேட். அப்படியும் ஒருவருக்கும் வயிறு கெடவில்லை. எழுபதை நெருங்கும் வயதில், பதினொரு வயதில் உண்டதை வரிசை பிசகாமல் எழுதி, அந்த வீட்டின் அன்புக்கும் விருந்தோம்பலுக்கும் அந்நூலைக் காணிக்கையாக்கியிருக்கிறார். அதன் முதல் கதையில் களவுபோன மாணிக்கம் எங்கே கிடைக்கிறது? புட்டிங்குக்குள். வீட்டுப் பெரியவர் மெல்லும்போது வாயில் சிவப்பாக ஒன்று தட்டுப்படுகிறது. கண்ணாடித் துண்டு என்று அவர் எரிச்சலோடு வெளியே எடுக்க, பொய்ரோ அதைக் கைநீட்டி வாங்கி மெல்லச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். முழுப் பூசணிக்காய்!

காதலையும் அந்தக் கதையே காட்டிவிடுகிறது. பேத்தி தகாத ஒருவனிடம் மனத்தைக் கொடுத்துவிட்டாளே என்று பாட்டி படும் கவலை, மாணிக்கத்துக்கு நிகராக நம்மைப் படிக்க இழுக்கிறது. இதை விரிக்க நேரமில்லை. மூன்றாவது செய்திக்காகவே நான் இங்கு நிற்கிறேன்.

ஜெபர்சன் பார்ஜன் 1937இல் 'மிஸ்டரி இன் ஒயிட்' என்றொரு நாவல் எழுதினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ரயில் பனியில் சிக்குகிறது; இறங்கி நடந்த பயணிகள் ஒரு வீட்டை அடைகிறார்கள். கணப்பில் தீ எரிகிறது, தேநீருக்கு மேசை தயாராக இருக்கிறது, கெண்டியில் நீர் கொதிக்கிறது, ஆளைத்தான் காணோம். இத்தகைய நூலை நெடுங்காலம் உலகம் மறந்திருந்தது. பிரிட்டிஷ் நூலகம் 2014இல் அதை மறுபதிப்புச் செய்தபோது, அந்தக் கிறிஸ்துமஸுக்கு அது பரபரப்பாக விற்றுத் தீர்ந்தது. நூலகக் கிடங்கில் பழைய படி ஒன்று கழிக்கப்படாமல் இருந்ததால் அல்லவா அது மீண்டு வந்தது!

ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் நாவல்களை நம் தாத்தா பாட்டிகள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். அவற்றின் பழைய பதிப்புகள் எந்தெந்த நூலகத்தில் எஞ்சியிருக்கின்றன என்று ஒரு பட்டியல் வேண்டாமா? கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்து வைத்தவைதான் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்திருக்கின்றன. நானோ வேறோர் ஊரில், நூலகத்து வாசலில் மூன்று சக்கர வண்டியில் பழைய நாவல்கள் எடைக்குப் போனதைக் கண்ணால் கண்டவன். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் இடமில்லாமல் ஓரத்திலும் முத்திரை குத்தியிருந்தார்கள். அத்தனை பேர் படித்த புத்தகத்தை யாரும் படிக்காதது என்று கழிப்பது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அல்லாமல் வேறென்ன?

நூறு ஆண்டுக்கு முந்தைய கதைப் புத்தகம் எதையும் பட்டியலிட்டு மின்படி எடுக்காமல் கழிக்கக் கூடாது என்று கோரும் மனுவை வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தை இடுவதாக அன்போடு இசைந்திருக்கிறார்கள். தேநீருக்குப் போகும் வழியில் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டு, பக்கத்திலேயே நூலக உறுப்பினர் எண்ணையும் எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.