முதலில் பாஜா, பிறகு கார்லா

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சனி, ஞாயிறு விடுமுறையில் நண்பர்களோடு மகாராஷ்டிரத்தின் லோனாவலா பக்கம் போகிறவர்கள் பலர், கார்லா குகையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எதிர்மலையில் இருக்கும் பாஜாவை விட்டால் கார்லாவில் பாதிதான் புரியும். ஆகவே காலையில் பாஜா, பிற்பகலில் கார்லா. இரண்டும் மேற்குப் பார்த்த பௌத்தக் குடைவரைகள். காலையில் பாஜா மலை நிழலில் இருக்கும், ஏறுவது சுலபம். பிற்பகலில் கார்லாவுக்குள் வெயில் நுழையும்.

இரண்டுக்கும் நடுவே மளவ்லி ரயில் நிலையம். புனேயிலிருந்து லோனாவலா போகும் லோக்கல் ரயிலில், லோனாவலாவுக்கு முந்தைய நிறுத்தம். அங்கிருந்து பாஜாவுக்கு நடந்தே போகலாம். கார்லாவுக்கு ஆட்டோ பிடியுங்கள்.

பாஜா கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் சைத்தியத்தில், அதாவது அரைக்கோளத் தூபியை வைத்து வழிபடும் மண்டபத்தில், நின்று தூண்களைக் கவனியுங்கள். எல்லாம் உள்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். மரக் கட்டடத்தில் கூரையின் பாரம் தூணை வெளியே தள்ளும். அதனால் தச்சர் தூணைச் சாய்த்து நட்டார். மலையைக் குடைந்த மண்டபத்தில் அந்தத் தள்ளலே கிடையாது. ஆனாலும் சிற்பி சாய்வை விடவில்லை, மரவேலை கையில் அவ்வளவு ஊறியிருந்தது! விதானத்து மர விலாக்களும், அதாவது விலா எலும்புபோல வளைந்த சட்டங்களும், எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. முகப்பில் சதுரம் சதுரமாகத் தெரியும் குழிகள், ஒருகாலத்தில் அங்கே நின்ற மரத் தடுப்பைப் பொருத்திய துளைகள்.

குடைவது மேலிருந்து கீழே. முதலில் விதானத்தை முடித்துவிட்டு, நின்ற தரையையே வெட்டி இறக்கிக்கொண்டு வந்தார்கள். சாரம் தேவைப்படவில்லை. ஆனால் தவறாக ஒரு துண்டு பெயர்ந்தால் பெயர்ந்ததுதான், ஒட்டவைக்க முடியாது.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு கார்லாவுக்குப் போங்கள். பாஜாவில் மரமாக இருந்த முகப்பு, இங்கே கல்லாகவே நிற்கிறது. மண்டபத்தின் நீளம் சுமார் 38 மீட்டர், உயரம் சுமார் 14 மீட்டர். இந்தியாவின் குடைவரைச் சைத்தியங்களில் இதுவே பெரியது. உள்ளே போனதும் படம் எடுக்கத் தொடங்காதீர்கள். பத்து நிமிடம் சும்மா நின்றால் கண் இருட்டுக்குப் பழகும். தேக்கு விலாக்களும் தூபியின் உச்சியில் உள்ள மரக்குடையும் அப்போதுதான் துலங்கும். ஈராயிரம் ஆண்டு தாங்கிய மரம் அது. கை வைக்கவேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம்.

வாசலிலேயே ஏக்வீரா தேவி கோயில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை படிகளில் கூட்டம் நெரியும். நவராத்திரியில் சொல்லவே வேண்டாம். சனிக்கிழமை போவது நல்லது. மழைக்காலத்தில் அருவி அழகுதான், ஆனால் பாறைப்படியில் பாசி பிடித்து வழுக்கும். மேகம் மூடினால் உள்ளே வெளிச்சமும் இருக்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள காலணி, குழுவுக்கு ஒரு டார்ச்.

டார்ச் எதற்கு என்றால், கல்வெட்டுக்கு. நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும். தூணை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பிராமி எழுத்துகள் நிழல் கட்டி எழும். பல தூண்களில் அதைக் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. தேனுகாகடம் என்ற ஊரிலிருந்து வந்த யவனர்களும் அந்தக் கொடையாளிகளில் உண்டு.